முன்கால் கயிறு

எங்கள் வீட்டில் ‘கழுதை’ என்ற சொல் உப்பு மாதிரி, எல்லாவற்றிலும் கொஞ்சம் விழும். பிந்தி எழும்பினால் கழுதை. கணக்குப் பிழைத்தால் கழுதை. அழுதால், ‘கழுதை மாதிரிக் கத்தாதே.’ இலங்கையின் மன்னாரில் இந்த வசவுக்கு ஒரு வசதி உண்டு: பேருக்குரிய சீவன் படலையடியிலேயே நிற்கும். திட்டு வாங்கிக்கொண்டே அதன் முகத்தைப் பார்க்கலாம்.

பஸ் நிலையத்தடியிலும் கோட்டைப் பக்கமும் இன்றைக்கும் அவை கூட்டமாக நிற்கின்றன. அராபிய வணிகர் கொண்டுவந்து விட்டவை என்பார்கள். பள்ளிமுனைப் பெருக்கமரத்துக்கும் இதே கதைதான் சொல்வது. கழுதையும் மரமும் ஆபிரிக்காவில் பிறந்தவை என்பதால், ஒரே கப்பலில் வந்திருக்கும் என்று நானாக நினைத்துக்கொள்வேன். மரத்தைப் பார்க்கக் கொழும்பிலிருந்து வான் பிடித்து வருகிறார்கள். அந்த வானுக்கு வழிவிடாமல் நடுத்தெருவில் நிற்பது கழுதை.

நாங்கள் கத்தோலிக்கர். குருத்து ஞாயிறன்று ஆண்டவர் கழுதைக்குட்டியில் ஏறி எருசலேமுக்குள் போன கதையைக் கோவிலில் வாசிப்பார்கள். ஒரு வருசம், வாசகம் முடிந்து வெளியே வந்தால், ஓலை வார்ந்து மிஞ்சிய கழிவை வளவுக்குள் நின்று ஒரு கழுதை மென்றுகொண்டிருந்தது. மேலுதட்டை விரல் போல நீட்டி, மணலை விலக்கி, ஓலையை மட்டும் எடுத்தது. அதன் முதுகு நீளத்துக்கு ஒரு கரிய கோடு, தோளுக்குக் குறுக்கே இன்னொன்று. ஆண்டவரைச் சுமந்ததற்குக் கிடைத்த சிலுவை அது என்று அம்மா சொல்லித் தந்திருந்தார். அந்தச் சிலுவைக்கு மேலேயே பீடச் சிறுவன் ஒருவன் தடியால் ஒன்று போட்டான். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. எனக்கும்தான்.

திரையும் எங்களுக்கு வேறெதையும் சொல்லவில்லை. டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேட்டர் போட்டு, விடிய விடிய மூன்று படம் பார்த்த காலம். அங்கேயும் கழுதை வந்தால் உதைக்க வரும், இல்லாவிட்டால் உதை வாங்க வரும். 1990இல் போருக்குத் தப்பிப் படகேறி, தமிழகத்து மண்டபம் முகாமுக்குப் போன பிறகுதான் அதன் இன்னொரு முகத்தைக் கண்டேன். ஒரு மளிகைக் கடையில் கல்லாவுக்கு மேலே கழுதைப் படம், கீழே ‘என்னைப் பார் யோகம் வரும்’. கடைக்காரர் காலையில் அதைப் பார்த்துவிட்டுத்தான் காசுப் பெட்டியைத் திறப்பார். மூதேவியின் வாகனமாகச் சொல்லப்பட்டது அங்கே சீதேவியின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ படம் 2021இல் வந்தது. கொரோனாக் காலம், கைபேசியில் பார்த்தேன். முன்கால்கள் கட்டப்பட்ட கழுதையொன்று அதில் தத்தித் தத்தித் திரிகிறது. ஒரு கட்டத்தில் தனுஷ் அந்தக் கட்டைக் கல்லால் அடித்து அறுக்கிறார். அது மேட்டில் ஏறி ஓடியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. கயிறு எதைக் குறிக்கிறது என்பது விளங்காமல் இல்லை. ஆனால் எனக்குத் தாத்தாவின் கழுதை ஞாபகம் வந்துவிட்டது. பேசாலையிலிருந்து கருவாட்டு மூட்டை சுமந்த கழுதை. இரவானால் தாத்தா அதன் முன்கால்களைத் தும்புக் கயிற்றால் கட்டிவிடுவார். கயிறு பட்ட இடத்தில் மயிர் போய்த் தோல் வெளுத்திருக்கும்.

மறுநாள் அம்மாவிடம், “தாத்தா செய்தது பாவம் இல்லையா?” என்று கேட்டேன்.

“கட்டாட்டில் தோட்டங்களை மேய்ஞ்சு ஊர்ச் சண்டை வந்திருக்கும். படகேறின அண்டைக்கு அவரே அவிட்டுவிட்டவர். பிறகு அதை ஆர் பார்த்தது?”

படத்தில் அறுந்த கயிறு விடுதலை. எங்கள் வீட்டில் அவிழ்ந்த கயிறு கைவிட்டதற்கு அடையாளம். இன்று மன்னார்த் தெருவில் எந்தக் கழுதையின் காலிலும் கயிறில்லை. மூட்டையை லொறி எடுத்துக்கொண்டது. இரவில் தார் றோட்டின் சூட்டுக்கு வந்து படுக்கின்றன, வாகனத்தில் அடிபடுகின்றன. சொப்பிங் பையோடு எச்சில் சோற்றைத் தின்கின்றன.

அக்கரையில் கதை இன்னும் மோசம். இந்தியாவில் 2012இல் 3.2 இலட்சமாக இருந்த கழுதைகள் 2019 கணக்கெடுப்பில் 1.2 இலட்சம். சீனத்து மருந்துக்குத் தோல் தேடும் வியாபாரம் ஆபிரிக்காவில் எவ்வளவு தூரம் போனதென்றால், 2024இல் ஆபிரிக்க ஒன்றியமே தோலுக்காகக் கழுதை கொல்வதைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. திரையில் நாங்கள் அதற்காகக் கண்கலங்கத் தொடங்கிய காலமும், தெருவில் அதற்கு வேலை இல்லாமல் போன காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேலை வாங்கும்வரை அழகு கண்ணில் படாது போலும். இப்படிச் சொல்வது என்னையும் சேர்த்துத்தான்.

போன கோடையில் அக்காவின் மகள் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து வந்தாள். ‘ஷ்ரெக்’ பார்த்து வளர்ந்த பிள்ளை. அவளுக்குக் கழுதை என்றால் வாய் ஓயாத, விசுவாசமான கூட்டாளி. பஸ் நிலையத்தடியில் ஒன்றின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீடியோ எடுத்தாள்.

“மாமா, இதுக்குப் பேர் என்ன?”

“கழுதை.”

“அது இல்லை, இதின்ர பேர்?”

தாத்தாவின் கழுதைக்குக்கூடப் பேர் இருந்ததில்லை. அவளுக்கு என்ன சொல்ல? பிரிட்ஜிங் லங்கா என்ற அமைப்பு மன்னாரில் கழுதைகளுக்காக நடத்தும் மருத்துவ நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். சிகிச்சையோடு, விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிடும் வேலையும் அங்கே உண்டு. கழுதைக்கு ஆஸ்பத்திரியா என்று ஊரில் சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

அவளுடைய வீடியோவுக்கு அன்றிரவே நூற்றுக்கணக்கில் இதயங்கள் விழுந்தன. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தாள். அப்போது படலையில் சத்தம் கேட்டது. அம்மா குசினியிலிருந்து வத்தகப்பழத் தோலை ஒரு பழைய பேசினில் போட்டுக்கொண்டு போனார். ஏழு மணிக்கு அது வருமென்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எத்தனை நாளாக என்று தெரியவில்லை. பேசினைக் கீழே வைத்துவிட்டு, சாப்பிடும்வரை இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“மெல்லத் தின், மூதேவிக் கழுதை. விக்கப் போகுது.”