பாகம் மாறிய எஞ்சின் பழைய எஞ்சின்தானா?

நீராவி எஞ்சின் பணிமனைகளைச் சுற்றிப் பார்க்க வருவோர் எதிர்கொள்ளும் கேள்விகளில் மெய்யியல் சார்ந்தது ஒன்று உண்டு: பாய்லர், சிலிண்டர், சக்கரம் எல்லாம் மாற்றப்பட்ட பிறகும் அது அதே எஞ்சின்தானா?

நீலகிரி மலை ரயிலில் இது ஏட்டுக் கேள்வியன்று. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-லும், உதகைக்கு 1908-லும் ரயில் ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் பாதை 2005-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. பல்சக்கரத்தால் மலையேறும் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்யப்பட்டவை. குன்னூர் பணிமனை அவற்றைப் பராமரிக்கிறது. பெரிய பழுதுகளுக்குத் திருச்சி பொன்மலைப் பணிமனை. அதே பொன்மலை 2010-களில் எண்ணெயில் ஓடும் எக்ஸ் எஞ்சின்களையும், 2021-இல் நிலக்கரியில் ஓடுவதையும் புதிதாகவே கட்டியது.

இதுபோன்ற கேள்வியை மிலிந்த மன்னனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் தேரை வைத்து விவாதித்தார். அச்சு தேரல்ல, சக்கரம் தேரல்ல. எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்கு இட்ட பெயரே தேர். இந்தப் பௌத்தப் பார்வையில் எஞ்சின் என்று தனிப்பொருள் எதுவும் இல்லாததால், அது தொலைந்துபோகவும் வழியில்லை. நியாய வைசேடிகத் தத்துவ மரபினர் இதை ஏற்கவில்லை. அவர்கள் காட்டும் சான்று நூலும் துணியும். பாகங்களுக்கு மேலாக முழுமை என ஒன்று உண்டு. ஆனால் ஒரு நூலை உருவினாலே பழைய துணி அழிந்து வேறு துணி பிறக்கிறது. அந்தக் கணக்கில் ஒரு திருகாணி மாறிய எஞ்சினும் வேறுதான். தர்க்கம் பிசகவில்லை, ஆயினும் எஞ்சினோடு புழங்கும் எவரும் அப்படி வாழ்வதில்லை.

திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தின் பாத்திரப் பட்டறைகள் கோடு எங்கே விழுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுகின்றன. சீர்வரிசையாக வந்த, பெயர் வெட்டிய பித்தளை அண்டாவை நெளிவெடுத்து, ஈயம் பூசி, தேய்ந்த இடத்தில் ஒட்டுப்போட்டால் அது அதே அண்டா. எடைக்குப் போட்டு உருக்கினால் உலோகம் அனைத்தும் மிஞ்சும், அண்டா மிஞ்சாது. ஆகவே பொருளின் தொடர்ச்சி உலோகத்தில் மட்டும் இல்லை. வடிவமும் புழக்கமும் அறுபடாமல் கைமாறுவதில் இருக்கிறது.

இந்தத் தொடர்ச்சியைச் சடங்காகவே நடத்துவது கோயில் மரபு. திருப்பணிக்கு முன் தெய்வ சக்தியைக் கும்பத்துக்கு மாற்றி, பாலாலயம் எனும் தற்காலிகச் சன்னதியில் பூசை நிறுத்தாமல் காத்து, குடமுழுக்கில் திரும்பச் சேர்க்கிறார்கள். சிதைந்த திருவுருவுக்குப் பதில் புதியது வந்தாலும் வழிபாடு தொடர்கிறது. இந்தப் பார்வைகளில் பணிமனைக்கு மிகவும் பொருந்துவது இதுவே: மாற்றம் மறைக்கப்படுவதில்லை, ஊரறிய நடக்கிறது.

ஜப்பானின் இசே ஆலயம் 20 ஆண்டுக்கொருமுறை புதிதாகவே கட்டப்படுகிறது. மரபுச் சின்னங்களின் உண்மைத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்று 1994-இல் நாராவில் வெளியான ஆவணமும் ஏற்றுக்கொண்டது.

ஆனால் அத்தகைய தொடர் மரபின்றி முழுதும் புதிதாய்க் கட்டிய எஞ்சின் வேறு வகை. பழைய எஞ்சினின் இடத்தை அது பெறலாம்; வயதைப் பெற முடியாது. வின்டர்தூரில் பிறந்தது எது, பொன்மலையில் பிறந்தது எது என்று பார்வையாளருக்குச் சொல்வது சுற்றிக்காட்டுபவரின் கடமை. பொன்மலை எஞ்சின்கள் பழையவற்றின் எண்களைச் சூடிக்கொள்ளாமல் தமக்கெனத் தனி எண்களோடு ஓடுகின்றன.