கரை கண்ட பின்னும்

மைசூர் அரசுக்குக் கடல்வழி தந்த துறைமுகம் மங்களூர். 1763-இல் ஹைதர் அலி அதனைக் கைப்பற்றிக் கப்பல் கட்டும் தளம் அமைத்தார். நேத்ராவதியும் குருபுரா நதியும் கலந்து கடல்புகும் முகத்துவாரத்தைக் கன்னடத்தில் 'அளிவெ பாகிலு' என்பர். பாகிலு என்றால் வாயில். ஆறுகள் சுமந்து வரும் மணலும் அலைகள் ஒதுக்கும் மணலும் அங்கே திட்டாகின்றன.

பெருங்கடலைக் கடந்து வந்த பாய்மரக் கப்பல், வீட்டுக் கூரை தெரியும் தொலைவில் இத்திட்டில் தட்டி உடையக்கூடும். ஆதலின் தேர்ந்த தண்டையல் விரைவதில்லை. வற்றத்தின்போது வெளிப்பாயும் ஆற்றுநீர், உள்வரும் அலையோடு மோதி அதனைச் செங்குத்தாக எழுப்பும். அவர் வெளியே காத்திருந்து, ஓதம் ஏறும் வேளையில், ஈயக்குண்டுக் கயிற்றால் ஆழம் பார்த்து நுழைவார். நுழைந்தபின் திரும்ப எண்ணார். பக்கவாட்டில் அலை அறைந்தால் கப்பல் கவிழும்.

சாதகனுக்கும், பெரும் ஆசைகளைக் கடந்த பின்னரே 'நான் கடந்துவிட்டேன்' என்னும் மணல்திட்டு எதிர்ப்படுகிறது. தன் ஆழத்தைத் தானே அளந்து பார்ப்பவனுக்கே அது புலப்படும். காத்திருத்தல் கோழைத்தனமன்று, வேளை வந்தபின் தயங்குதலே கேடு. கரையைக் கண்டவன் கரை சேர்ந்தவன் அல்லன். அருள் என்னும் ஓதம் ஏறும்வரை விழித்திருப்பவனே வாயிலைக் கடக்கிறான்.