விருப்பு வெறுப்பும் உடற்பயிற்சியும்

வீட்டிலேயே உடற்பயிற்சி செய்வோருள் ஒருவர் சூரிய நமஸ்காரத்தை விரும்பித் தண்டாலை வெறுப்பதும், மற்றொருவர் கர்லாக்கட்டை சுழற்றுவதில் மகிழ்ந்து ஆசனத்தில் அசையாதிருக்க இயலாமல் தவிப்பதும் வெறும் சுவை வேறுபாடாகத் தோன்றினும், உடலைப் பேணும் கடமையில் மனத்தின் விருப்பத்துக்கு எவ்வளவு இடம் தரலாம் என்னும் பழமையான மெய்யியல் வினா அதனுள் அடங்கியுள்ளது.

பதஞ்சலியின் யோக சூத்திரம், மனத்தைக் கலக்கித் துன்புறுத்தும் அடிப்படைக் குறைகளாகிய ஐந்து கிலேசங்களுள், இன்பம் தந்ததைப் பற்றிக்கொள்ளும் ராகத்தையும் துன்பம் தந்ததை விலக்கும் துவேஷத்தையும் சேர்க்கிறது. எனினும் ஆசனத்துக்கு உறுதியோடு சுகத்தையும் இலக்கணமாக்குவதால், அந்நூல் சுகத்தைப் பகையாகக் கருதவில்லை என்பது தெளிவு. பகவத்கீதையின் 18ஆம் அத்தியாயமோ, தொடக்கத்தில் கசந்து இறுதியில் இனிக்கும் இன்பத்தைச் சாத்விகம், அதாவது தெளிவு மிக்க இயல்புடையது, என வகைப்படுத்துகிறது.

இவற்றைச் சேர்த்து நோக்கினால், விருப்பம் ஒருவரைப் பயிற்சிக்குள் அழைத்துவரும் வாயிலாகலாமே தவிர, அவரை ஆளும் தலைவனாதல் தகாது. வெறுப்பும் ஆராய்ந்தே ஏற்கத் தக்கது. மூட்டு நோவிலிருந்து எழும் வெறுப்பு உடல் தரும் எச்சரிக்கையாதலால் அதற்குச் செவிசாய்ப்பது அறிவு, சோம்பலிலிருந்து எழும் வெறுப்பையோ பொறுமையுடன் கடப்பதே சாதனை, அதாவது இடைவிடாத அகப்பயிற்சி. இவ்விரண்டையும் பிரித்தறியும் விவேகம் வளரும்போது, வீட்டின் கூடத்தில் விரித்த பாயும் மெய்யறிவு பயிலும் இடமாகிறது.