தெருவுக்குப் பதில் சொல்பவர் யார்?

நகராட்சி என்பது மாநில அரசின் கிளை அலுவலகமா, ஊரார் தம்மைத் தாமே ஆளும் அவையா? 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இரண்டாவதையே நாடியது. ஐந்தாண்டு முடியுமுன் தேர்தல் வேண்டுமென்றும் விதித்தது. ஆயினும் 2016-இல் பதவிக்காலம் முடிந்த தமிழக நகர்மன்றங்களுக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. வழக்குகள், வார்டு மறுவரையறை எனக் காரணங்கள் கூறப்பட்டன. அதுவரை தனி அலுவலர்களே ஆண்டனர்.

வரி வசூலானது, குப்பையும் அள்ளப்பட்டது. இழந்தது என்ன என்று சிலர் வினவலாம். சாக்கடை அடைத்துக்கொண்டால் வார்டு உறுப்பினரின் கதவைத் தட்டும் உரிமையை இழந்தோம். அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். அவர் பதில் சொல்வது மேலிடத்துக்கு, தெருவுக்கன்று. சிறு சமூகங்கள் தாமே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்று 1931-இல் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் எழுதியது இதற்கும் பொருந்தும்.

அதற்காக மாநிலம் விலகி நிற்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சிற்றூர் நகராட்சி தன் சொத்துவரியைக்கொண்டு மட்டும் பெரிய குடிநீர்த் திட்டம் ஒன்றை முடித்துவிட இயலுமா? பணம் மேலிருந்து வரத்தான் வேண்டும். எந்தத் தெருவுக்குக் குழாய் முதலில் என்பதையோ அத்தெருவினர் அமர்ந்திருக்கும் அவையே முடிவுசெய்யட்டும்.