தேய்மானம்

பழைய கார்ட்ரிட்ஜா, புதியதா என்பது பணத்தைப் பற்றிய கேள்வி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இசைத்தட்டுக் கருவியின் கைநுனியில் மாட்டுகிற சின்னப் பெட்டி அது. அடியில் முள். முள்ளின் நடுக்கத்தை மின்சாரமாக்கித் தருவது அதன் வேலை. வெளியூர்க்காரர் ஒருவரிடம் உபயோகித்ததாக ஒன்று கிடைத்தது. அதே தரத்தில் புதியதற்கு ஆகும் விலையில் மூன்றிலொரு பங்கு. அதிகம் ஓடாதது என்றார். அவர் பொய் சொன்னதாக இன்றும் நான் நினைக்கவில்லை. அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர். முள் ஓடிய மணிநேரத்துக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை. பழைய சைக்கிள் என்றால் டயரைப் பார்க்கலாம். பழைய புத்தகம் என்றால் பூச்சி அரித்ததைப் பார்க்கலாம். முள்ளின் கடந்தகாலம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

நான் இருப்பது திண்டுக்கல்லில். பூட்டுக்குப் பேர்போன ஊர். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இன்னும் அரம் ராவும் சத்தம் கேட்கும். அந்தப் பெரியவரிடம் ஒருமுறை, பழைய பூட்டை யாராவது வாங்குவார்களா என்று கேட்டேன். 'இன்னொரு சாவி எவன் கையில இருக்கோ, எப்படி வாங்குவான்?' என்றார். நியாயம். ஆனால் பழைய பூட்டினால் வரும் ஆபத்து அதை வாங்கியவனுக்குத்தான். களவு போனால் போவது அவன் வீட்டுச் சாமான். முள்ளின் சங்கதி அப்படியல்ல என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

78 சுற்றுத் தட்டுக்களின் காலத்தில் முள் எஃகு, தட்டு அரக்கு. அரக்கோடு கல்தூளும் கலந்திருக்கும். அந்தத் தூள் முள்ளைத் தேய்த்துத் தடத்துக்குத் தக்கபடி ஆக்கிக்கொள்ளட்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒரு முள்ளை ஒரு தடவைக்கு மேல் உபயோகிக்காதே என்று முள் டப்பியின் மேலேயே அச்சடித்திருப்பார்கள். ஒரு பக்கம், மூன்று நான்கு நிமிஷம், பிறகு முள் குப்பைக்கு. காசைப் பார்த்து அதே முள்ளை வாரக்கணக்கில் ஓட்டியவர்கள் நம்மிடையே நிறைய. அது வேறு விஷயம். 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி எல்.பி.யைக் கொண்டுவந்ததோடு இந்த உறவு தலைகீழாயிற்று. தட்டு வினைல், மெதுவானது. முள் நீலக்கல், அப்புறம் வைரம். கெட்டியானது தட்டிலிருந்து முள்ளுக்கு இடம் மாறிவிட்டது. விட்டுக்கொடுக்க வேண்டியது இனி தட்டு.

வைரமும் தேயும். ஒரு பக்கம் 20 நிமிஷம் ஓடினால் முள் கடக்கும் தூரம் 400 மீட்டருக்கு மேல். 500 மணி நேரத்தில் 600 கிலோமீட்டர்: திண்டுக்கல்லிலிருந்து சென்னை போய், திரும்பும் வழியில் விழுப்புரம் தாண்டியிருப்போம். முள்ளின் மேல் வைக்கும் பாரம் 2 கிராம்தான். ஆனால் தட்டைத் தொடும் இடம் அத்தனை நுண்ணியதாகையால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு டன் கணக்கில் ஏறிவிடுகிறது. உருண்டிருந்த நுனி இரு பக்கமும் தட்டையாகிறது. தட்டையின் ஓரம் உளியாகிறது. அதன்பின் முள் தடத்தில் போவதில்லை, தடத்தைச் செதுக்கிக்கொண்டு போகிறது. 500 முதல் 1000 மணி நேரம் என்று வைர முள்ளுக்குப் பொதுவாக ஆயுள் சொல்வார்கள். சொன்ன கணக்குக்கு வெளியே எத்தனை முட்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் கேள்வி.

வத்தலகுண்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வத்தலகுண்டு என்றதும் இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்குச் சி.சு. செல்லப்பா ஞாபகம் வரும். சம்பந்தம் உண்டு என்றால், இவர் அலமாரியிலும் 'எழுத்து' இதழ்கள் கொஞ்சம் இருக்கின்றன, ஓரம் மடங்கி. அதே அலமாரியில் முப்பது நாற்பது இசைத்தட்டுக்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மதுரைக்குப் போய் ஒன்றொன்றாக வாங்கியவை. காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர எல்.பி. ஒன்றை எனக்கு இரவல் கொடுத்தார். இரவல் கேட்க நான் கூசினேன் என்று சொல்வதற்கில்லை. அந்த மாசத்தில் அதை ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். பழைய கார்ட்ரிட்ஜில்தான்.

பிறகு ஒரு நாள், கல்லூரியில் தாவரவியல் சொல்லித்தரும் நண்பரோடு பேசிக்கொண்டிருக்கையில் விளையாட்டாகத்தான் முள்ளை அவருடைய மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தோம். இரண்டு பக்கமும் பளபளவென்று இரண்டு தட்டைகள். ஓரம் கத்தி. நண்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை, 'அழகா இருக்கே' என்றார்.

விஷயம் என்னவென்றால் எனக்கு எதுவுமே கேட்டிருக்கவில்லை. தட்டின் கடைசித் தடங்களில் சீவாளியின் சத்தம் கொஞ்சம் கரகரத்தது, அவ்வளவுதான். நாதஸ்வரம்தானே, கரகரக்கும் என்று விட்டுவிட்டேன். என் காது இதற்குப் பழகிய காது. கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாவுக்கும், சுற்றுப்பட்டிக் கல்யாணம் காதுகுத்துக்கும் மைக்செட்காரர் குழாய் கட்டிப் பாடவிட்ட தட்டுக்களில் வளர்ந்தவன் நான். ஒரே முள்ளில் வருஷம் முழுக்க ஊர் ஊராகப் பாடிய தட்டுக்கள் அவை. சீர்காழி கோவிந்தராஜனின் குரல் அந்த இரைச்சலோடு பிறந்தது என்றே நெடுநாள் நம்பியிருக்கிறேன். செதுக்கப்பட்ட சங்கீதத்தில் ரசனை உருவானவனுக்குச் செதுக்குவது கேட்காது. கேட்காத சேதம் சேதமில்லையா? இல்லை என்று சொல்லிவிட்டால் சௌகரியம். ஆனால் தேய்ந்த முள் செய்ததைத் தேய்ந்த முள் காட்டிக்கொடுக்காது, நல்ல முள் வந்தால்தான் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தபின் அந்தச் சௌகரியமும் போய்விட்டது.

நண்பர்களிடம் சொன்னேன். ஒருவர் சிரித்தார். அந்த வாசிப்பைச் செல்போனில் தேடினால் கிடைக்காதா என்றார். கிடைக்கலாம். சங்கீதத்துக்கு நான் கடன்பட்டிருந்தால் அது பதிலாகும். நான் கடன்பட்டிருப்பது தட்டின் சொந்தக்காரருக்கு. இன்னொருவர் கொஞ்சம் கெட்டிக்காரர்: ஆசிரியரின் சொந்தக் கருவி பழைய சூட்கேஸ் மாதிரி, செராமிக் கார்ட்ரிட்ஜ், 5 கிராமாவது அழுத்தும்; அது இத்தனை வருஷத்தில் செய்யாத சேதத்தையா நீ ஏழெட்டுத் தடவையில் செய்துவிட்டாய் என்றார். இதற்கு என்னிடம் ருசு இல்லை. தடத்தில் எந்தக் கீறல் யாருடையது என்று பிரித்துச் சொல்ல எந்த மைக்ராஸ்கோப்பும் உதவாது. ஆனால் அவர் தட்டை அவர் கேட்டுத் தேய்த்தார். கேட்பது என்றாலே கொஞ்சம் செலவழிப்பதுதான். 'எழுத்து' இதழை எத்தனை பேர் வாசித்தாலும் எழுத்து தேயாது. இசைத்தட்டில் வாசிப்புதான் தேய்மானம். அந்தச் செலவை அவர் அறுபதாவது வயதிலோ எழுபதாவது வயதிலோ செய்துகொள்ள உரிமை உள்ளவர். நான் செய்தது, என் சிக்கனத்தின் பாக்கியை அவர் கணக்கில் எழுதியது.

இங்கே புதியதன் பக்தர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானிலிருந்து டப்பி பிரிக்காமல் வந்தது என்பதாலேயே ஒரு பொருள் சுத்தமாகிவிடாது. முள் பொருத்திய தண்டைத் தாங்குவது ஒரு துளி ரப்பர். பெட்டிக்குள் சும்மா கிடந்தாலும் அது வருஷங்களில் இறுகிப்போகிறது. ஷூர் 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டபின், அதன் பிரிக்காத பழைய டப்பிகளுக்கு ஆசைப்படுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஓடாதது வேறு, புதியது வேறு. மறுபுறம், காந்தம் அசைகிற ரகக் கார்ட்ரிட்ஜில் தேய்வது முள்ளும் இறுகுவது ரப்பரும்தான். கம்பிச்சுருள் இருக்கும் உடல் பல காலம் அப்படியே இருக்கும். பழைய உடல் வாங்கு, புதிய முள் போடு என்பது நேர்மையான சிக்கனம். சுருள் அசைகிற ரகத்தில் இந்த வசதி கிடையாது, முள்ளைத் தனியே கழற்ற முடியாது. எனக்கு இருந்தது முதல் ரகம். ஆரம்பத்திலேயே நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான், புதிய முள்ளுக்கான பணத்தைச் சேர்த்துப் பார்த்து விலையை நிதானித்திருப்பது. மூன்றிலொரு பங்கு என்று நான் சந்தோஷப்பட்டபோது மீதியை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கலாம்.

போன மாசம் புதிய முள் வரவழைத்தேன், நுனி நீள்வட்டமாகச் சீவியது. தட்டை முன்பே திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்த அன்று எதுவும் சொல்லவில்லை. அவர் தன் சூட்கேஸ் கருவியில் போட்டுக் கேட்டுவிட்டு, 'நல்லா வச்சிருந்தீங்க தம்பி' என்றார். நீள்வட்ட முள் தடத்தின் சுவரை வேறு இடத்தில் தொடும். பழையது செதுக்காத இடமாக அது இருக்கலாம், அப்படியானால் தட்டு புதுசுபோலவே பாடும். செதுக்கிய இடமாகவே இருந்தால் ஒவ்வொரு பிர்காவும் கிழிந்து கேட்கும். போட்டுப் பார்க்காமல் சொல்ல முடியாது.

நேற்று அவர் போன் செய்தார். புது முள் வாங்கியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். 'உங்க மெஷின்ல அருணாசலத்த ஒரு தடவை கேட்டுறணும் தம்பி' என்றார். சரிங்க சார் என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் தட்டோடு வருகிறார். பழைய முள்ளை நான் இன்னும் எறியவில்லை, மேஜை டிராயரில் இருக்கிறது. ஒன்றைக் கழற்றி மற்றதை மாட்ட அரை நிமிஷம் போதும்.