புழுவும் ஒரு விரலும்

நந்தியாவட்டைச் செடியில் ஒரு புழு வரும். அரளியிலும் வரும். முழுசாக வளர்ந்தால் 7 செ.மீ. நீளம், விரல் தடிமன் இருக்கும். இலையின் பச்சைதான் உடம்புக்கும். பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு, அதை ஒட்டிப் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள், வாலில் மஞ்சளாய் ஒரு குட்டைக் கொம்பு. தலைக்குப் பின்னால் இரண்டு நீலக் கண்கள். அவை கண்களே அல்ல, கண்போல் தீட்டிய பொட்டுகள். தொந்தரவு செய்தால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு அந்த இடத்தை உப்பவைக்கும். பொய்க்கண்கள் இரண்டும் விரிந்து நம்மையே முறைக்கும். இதுதான் பிறகு பச்சையும் இளஞ்சிவப்புமான சிறகுகளோடு அந்தியில் பூத்தேடிப் பறக்கிற பெரிய அந்துப்பூச்சியாகிறது. அறிவியலில் இதற்கு டாஃப்னிஸ் நெரி என்று பெயர்.

நான் இருக்கிற வாடகை வீட்டின் வாசலில் ஒரு நந்தியாவட்டை உண்டு. அதில் இந்தப் புழுவைப் பார்த்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே எடுத்துவந்து வளர்த்தேன். காலையும் மாலையும் புது இலை வைப்பேன். மிளகு மிளகாய்ப் போடுகிற எச்சத்தைத் துடைப்பேன். செல்போனில் ஒட்டுகிற சின்ன லென்ஸ் ஒன்று வாங்கிப் படம் எடுத்தேன்.

வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "சீ, மருந்தடிச்சு விடுங்க தம்பி" என்றார். அவருடைய மூன்று வயதுப் பேரனோ சிரித்துக்கொண்டே கையை நீட்டினான். அவர் அந்தக் கையில் ஒரு தட்டு தட்டி மறுபடியும் "சீ" என்றார். மறுநாள் டப்பாவைக் கண்டதும் பிள்ளையே "சீ" என்றது. அருவருப்பு பிறப்பிலேயே இருக்கிறது, ரத்தத்திலேயே வருகிறது என்று வாதம் செய்கிறவர்கள் என் வாசலில் இரண்டு நாள் வந்து உட்கார்ந்திருக்கலாம்.

இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு இதற்குமேல் விளக்கத் தேவையில்லை. அந்த ஒரு எழுத்து எங்கே தொடங்கி எங்கே போய் முடியும் என்பது நம் தெருக்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் அந்த உவமைக்குள் போகப்போவதில்லை. மனுசரைப் புழு என்று ஏசியவர்கள் அதை வேண்டியமட்டும் பயன்படுத்தியாயிற்று. புழு புழுதான், அதன் பாடு அதற்கு. என் கேள்வி என்னைப் பற்றியது. நான் "சீ" என்று சொல்லவில்லை, உற்றுப் பார்த்தேன், வியந்தேன், படம் எடுத்தேன். அவ்வளவு போதுமா? ஒன்றை வெறுக்காமல் பார்ப்பதாலேயே அதற்கு நியாயம் செய்துவிட்டதாக ஆகுமா?

முதல் இடறல் படத்திலேயே வந்தது. புழு சும்மா தின்றுகொண்டிருந்தால் படம் எடுபடவில்லை. பச்சை இலையில் பச்சைப் புழு. நீலக் கண்கள் விரிந்தால்தானே படம்? ஒரு ஈர்க்குச்சியை எடுத்து முதுகில் குத்தினேன். விரித்தது. எடுத்தேன். வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் குத்தினேன். ஒரு சாயங்காலத்தில் பத்துத் தடவைக்குமேல் இருக்கும். படம் பிரமாதமாக வந்தது. பார்த்த நண்பர்கள் எல்லோரும் "என்ன அழகு!" என்றார்கள். அது அழகு காட்டவில்லை, குருவி கொத்த வருகிறதென்று தற்காத்துக்கொண்டது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். புழுவின் பயம் எப்படிப்பட்டதென்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் குத்தக் குத்த அது தின்பதை நிறுத்தியது என்பதைப் பார்த்தேன். பார்த்தும் குத்தினேன்.

இரண்டாவது இடறல் அம்மா. திண்டிவனத்துப் பக்கம் கூலிக்குப் போன கைகள் அவளுடையவை. மானாவாரி மல்லாட்டைக் கொல்லைகளில் கோடை மழைக்குப் பிறகு சிவப்புக் கம்பளிப்பூச்சி கிளம்பும். ஒரு கொல்லையை மொட்டையடித்துவிட்டு அடுத்ததற்குக் கூட்டமாக நடக்கும். அவற்றைக் கையால் பொறுக்கி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுவது கூலி வேலை. சுணை பட்டு முழங்கைவரை தடித்துப்போயிருக்க, ராத்திரியில் அவள் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மழைக் காலத்தில் என் பள்ளிக்கூட நோட்டுகள் அந்தக் காசில் வந்தவை.

அவள் வந்து டப்பாவைப் பார்த்தாள். முகம் சுளிக்கவில்லை. வியக்கவும் இல்லை.

"இதுக்கு நீ வேளாவேளைக்குச் சோறு போடுறியா?"

"ஆமாம்மா."

"நல்லாத்தான் இருக்குது போ."

அந்த வார்த்தையில் கேலி எவ்வளவு, களைப்பு எவ்வளவு என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. இரண்டு நாள் கழித்துப் புழு நிறம் மாறியது. பச்சை மங்கி முதுகெல்லாம் பழுப்பேறி, தின்பதை நிறுத்திவிட்டு டப்பாவைச் சுற்றிச்சுற்றி ஓடியது. நோய் வந்துவிட்டது, நான் குத்தியதால்தான் சாகப்போகிறது என்று நினைத்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சாவுல ஒண்ணும் இல்லடா. அதுக்கு மண்ணு வேணும். கூட்டுக்குப் போவ எடம் தேடுது. மண்ணு வெச்சி மேல சருவு போடு" என்றாள். அவள் பொறுக்கிய கம்பளிப்பூச்சியும் வரப்போரத்திலும் மரத்தடியிலும் மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி, அடுத்த மழைவரை பத்து மாதம்போலக் கிடக்கும். கொத்தும்போதெல்லாம் அவள் கண்டவை அவை. அவளே புழுவை எடுத்து ஈர மண்ணில் விட்டாள். நான் படம் எடுத்தேன்.

அந்தப் படத்தில் ஒரு ஓரமாக அவள் பெருவிரல் வந்துவிட்டது. நகம் கருத்து வெடித்த விரல். படம் 'சுத்தமாக' இருக்கட்டும் என்று அதை வெட்டிவிட்டேன். வெட்டும்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இதைத்தான் எழுத வந்தேன்.

எனக்கு அதை உறைக்க வைத்தது 300 வருஷத்துக்கு முந்திய ஒரு புத்தகம். மரியா சிபில்லா மெரியான் ஜெர்மனியில் 1647இல் பிறந்தவர். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் தானாகவே உண்டாகின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், 13 வயதிலேயே பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கி, வீட்டில் புழுக்களை வைத்துத் தீனி போட்டு, முட்டை முதல் சிறகு வரை வரைந்தவர். 1699இல் டச்சுக் காலனியான சுரினாமுக்கு மகளோடு போனார். சர்க்கரையைத் தவிர வேறெதையும் தேடுகிறாளே என்று அங்கிருந்த தோட்ட முதலாளிகள் தன்னைக் கேலி செய்ததாக அவரே எழுதுகிறார். 1705இல் அவர் வெளியிட்ட சுரினாம் பூச்சிகள் புத்தகத்தில் 60 படங்கள். அதில் ஒன்று நம் ஊர் வேலிகளில் பூக்கிற மயில்கொன்றை. அதன்மேல் ஒரு பெரிய பச்சைப் புழு, என் டப்பாப் புழுவின் சொந்தக்காரன்.

அந்தப் படத்தோடு அவர் எழுதியிருப்பதுதான் நிறுத்துகிறது. டச்சுக்காரர்களிடம் கொடுமை அனுபவிக்கும் பூர்வகுடிப் பெண்கள், தங்கள் பிள்ளைகள் அடிமையாகிவிடக் கூடாதென்று இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைப் பெண்களும் அப்படியே செய்கிறார்கள், அவர்கள் வாயாலேயே கேட்டேன் என்கிறார். அதை எழுதத் துணிந்தவர் அவர். அதே புத்தகத்தில், காட்டுக்குள் வழி வெட்டக் கோடாலியோடு 'என் அடிமைகளை' முன்னால் அனுப்பினேன் என்று எழுதியவரும் அவர்தான். புழுவைத் தேடிக் கொண்டுவந்தவர்களும், எந்தச் செடி எதற்கு ஆகும் என்று சொன்னவர்களும் அதில் இருக்கிறார்கள். ஒருவருக்கும் பெயர் இல்லை.

மெரியானை ஒதுக்கித் தள்ளச் சொல்லி இதை எழுதவில்லை. புழுவின் ஒவ்வொரு மடிப்பையும் அத்தனை அக்கறையாகப் பார்த்த கண்ணுக்கு, பக்கத்தில் நின்ற கையைச் சொந்தம் கொண்டாடத்தான் முடிந்தது. நுணுக்கமாகப் பார்ப்பது ஒரு திறமை. அது தானாகவே நியாயமாகிவிடாது. அடிமை முறைக்கும் என் வீட்டு டப்பாவுக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். இரண்டையும் சமமாக்கவில்லை. ஆனால் கட்டத்துக்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது என்ற பழக்கம் எனக்கு வேறெங்கிருந்து வந்தது? கூலிக்காரியின் பிள்ளைக்கும் அது வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் எனக்குக் கவலை.

புழுவிடம் அனுமதி கேட்க முடியாது. அதனால் அதைக் குத்தாமல் இருக்கலாம், தின்கிறபடியே எடுக்கலாம், எடுபடாவிட்டால் விட்டுவிடலாம். அம்மாவிடம் கேட்க முடியும். கேட்க முடிகிற ஆளிடம் நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு ராத்திரி அந்துப்பூச்சி மண்ணைவிட்டு மேலே வந்தது. சுருங்கிய சிறகு விரிந்து காய்கிறவரை பக்கத்திலேயே இருந்தேன், படம் எடுக்கவில்லை. பிறகு ஜன்னலைத் திறந்தேன். காலையில் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். வெட்டாத படம் இன்னும் இருக்கிறது, உன் விரலோடு, உன் பேரையும் போட்டுப் பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"என் வெரல எதுக்குடா ஊருக்கே காட்டுற? அது வாணாம். பேரும் வாணாம்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மண்ணு வெக்கச் சொன்னது நானுன்னு மட்டும் எழுது" என்றாள்.

மண் வைக்கச் சொன்னது அம்மா.