காற்றில் கரைந்ததும் கருத்தில் நின்றதும்

ஓர் இசை நிகழ்ச்சியிலிருந்து நாம் வீட்டிற்கு எடுத்துவருவது யாது? ஒலி அன்று, அஃது அப்பொழுதே காற்றில் கரைந்துவிடுகிறது. நினைவு என்போம். அந்நினைவேனும் மெய்யானதா? மெய்யாயின், அதனைப் பிறருக்கு வழங்க இயலுமா?

2007ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள், சனிக்கிழமை. பெங்களூர் அரண்மனை மைதானத்தில் 'அயர்ன் மெய்டன்' என்னும் ஆங்கில ராக் இசைக்குழு பாடிற்று. 1975இல் ஸ்டீவ் ஹாரிஸ் தோற்றுவித்த அக்குழு இந்திய மண்ணில் மேடையேறியது அதுவே முதன்முறை. பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நாம், சம்பளத்தில் மிச்சம் பிடித்து நுழைவுச்சீட்டு வாங்கினோம். "மார்ச் மாதம், கணக்கு முடிக்கவேண்டும்" என்று தந்தையாரிடம் பொய்யுரைத்துப் புறப்பட்டோம்.

பாடல்களின் வரிசை இன்று நினைவில் இல்லை. 'ஃபியர் ஆஃப் த டார்க்' பாடலின் கிதார் மெட்டைக் கூட்டம் முழுவதும் சொல்லின்றிப் பாடியது மட்டும் நிற்கிறது. அருகில் நின்ற வடகிழக்கு மாநிலத்து இளைஞர் நம் தோளில் கைபோட்டுப் பாடினார். அவர் மொழி நாம் அறியோம்; நம் மொழி அவர் அறியார். அப்பாடல் தொடக்கத்தில் வந்ததென்றே நெடுநாள் நம்பியிருந்தோம். இறுதியை நெருங்கும்போதுதான் வந்தது என்று உடன்வந்த நண்பர் பின்னாளில் திருத்தினார். வரிசையில் பிழைத்த நினைவு, தோளில் பட்ட கையைப் பற்றிப் பிழைக்கவில்லை.

நள்ளிரவில் வீடு திரும்பினோம். உடையெல்லாம் புழுதி, தொண்டையோ கட்டியிருந்தது. "கணக்கு முடிக்க இவ்வளவு கத்தவேண்டுமா?" என்றார் தந்தையார். உண்மையை ஒப்புக்கொண்டோம். "இதுவும் ஒரு சங்கீதமா?" என்றவர், சற்றுநேரம் பேசாதிருந்து, தம் பதின்மூன்றாம் வயதுக் கதையைச் சொன்னார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரம் கேட்க, வீட்டில் சொல்லாமல் வயல்வரப்பிலே நடந்து, பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குச் சென்றாராம். விடியற்காலைப் பனியில் திரும்பியதையும், வாசலில் காத்திருந்த பிரம்பையும் சொல்லிச் சிரித்தார். "போனது தப்பில்லை; பொய் சொன்னதுதான் தப்பு" என்று முடித்தார்.

அவர் மறைந்தபின், ராஜரத்தினத்தின் தோடியை இசைத்தட்டுப் பதிவில் பன்முறை கேட்டுவிட்டோம். தோடி வருகிறது, அந்த வரப்பும் பனியும் வருவதில்லை. அவருடைய இரவு அவரோடு போயிற்று. நம்முடையதும் நம்மோடு போகும். வீடு வாசலைப்போல் எழுதிவைக்கக்கூடிய சொத்தன்று அது.

ஆயின், வழங்கக்கூடியது ஒன்றுண்டு. பிறந்த ஊர் விட்டுவந்த நாம், நம் இரசனையே பிள்ளைகளுக்கும் வாய்க்கவேண்டுமென்று விரும்புகிறோம். வாய்க்காதபோது மனம் வெதும்புகிறோம். அண்மையில் நம் மகள், நம் நாவில் நுழையாத பெயர்கொண்ட ஒரு குழுவின் இசை கேட்கச் செல்ல அனுமதி கேட்டாள். "இதுவும் ஒரு சங்கீதமா?" என்ற சொல் நாநுனிவரை வந்தது. விழுங்கினோம். அவள் நம்மைப்போல் பொய் சொல்லவில்லை, கேட்டுவிட்டுச் செல்கிறாள். அந்த வாய்மைக்கு வாசலைத் திறந்துவைத்தவர், வரப்பில் நடந்துபோய் அடிவாங்கிய அந்தப் பதின்மூன்று வயதுச் சிறுவரே.